ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்ப்பது: வரிசை தப்பினால் நூல் அறும்

துணி ஓரம் பிரியாமல் தைக்கும் நான்கு நூல் ஓவர்லாக்கில் கோர்த்து முடித்து பெடலை அழுத்தியதும் கீழ் லூப்பர் (ஊசி நூலோடு பின்னும் வளைந்த கொக்கி) நூல் பட்டென்று அறுகிறதா? டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, திருகுவதற்கு முன் கோர்த்த வரிசையைப் பாருங்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், பிறகு வலது ஊசி, கடைசியாக இடது ஊசி. சில மாடல்களில் லூப்பர்களின் வரிசை மாறும். முன்மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வண்ணப் படம் சொல்வதே உங்கள் மெஷினுக்குச் சரி. ஊசிகள் கடைசி என்பது மட்டும் மாறாது.

காரணம் இதுதான். ஊசி கீழே இறங்கும்போது அதன் நூல் கீழ் லூப்பரின் மேல் விழுகிறது. அந்த நிலையில் லூப்பரைக் கோர்த்தால் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று தையலுக்குள் லூப்பர் நூல் அறுந்துவிடும். தைக்கும்போது நடுவில் கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தாலும் இதே கதைதான். ஊசிக் கண்ணிலிருந்து இரண்டு நூல்களையும் உருவிவிட்டு, லூப்பரைக் கோர்த்து, பிறகு ஊசிகளைக் கோர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

கோர்க்கும் முன் சில வேலைகள். மெஷினை அணைத்துவிடுங்கள். நூல் ஸ்டாண்டின் கம்பியை முழு உயரத்துக்கு இழுத்து, மேலே உள்ள கொக்கிகள் ஒவ்வொன்றும் அந்தந்தக் கோனுக்கு நேர் மேலே வரும்படி திருப்புங்கள். கம்பி பாதியில் நின்றால் நூல் கோனில் உரசி விட்டுவிட்டு வரும். தையல் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் விழும்.

புட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கி வைத்துக் கோர்ப்பது மிக முக்கியம். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் புட் மேலே இருந்தால்தான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் திறக்கும். கீழே இருந்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் மேலேயே மிதக்கும். டென்ஷன் எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. கோர்த்த பிறகு புட்டை இறக்கி, ஒவ்வொரு நூலையும் ஊசிப் பக்கமிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கைக்கு ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். தெரியாத நூல் தட்டில் உட்காரவில்லை.

மேல் லூப்பர் எளிது. கீழ் லூப்பர்தான் பாடுபடுத்தும், ஏனென்றால் அதன் கடைசிக் கொக்கி இடது ஓரத்தில் ஒளிந்திருக்கும், அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுவார்கள். வீலை உங்கள் பக்கமாகத் திருப்பி, லூப்பர் வெளியே நன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நூல் முனையைச் சாய்வாக வெட்டி, நீண்ட வளைமுனை ட்வீசரால் பிடித்து கண்ணுக்குள் தள்ளி, சுமார் 10 செ.மீ. வெளியே இழுத்து, புட்டுக்கு அடியில் பின்புறம் இடது பக்கமாகக் கிடத்துங்கள். இரண்டு லூப்பர்களும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து நிற்கும் நிலையில் கோர்க்காதீர்கள்.

ஊசிகளைக் கோர்க்கும்போது இடது ஊசி வலதைவிடச் சற்று உயரமாக நிற்கும். அது சரிதான், சமமாக்குவதற்காகத் தளர்த்திவிடாதீர்கள். வீட்டு மெஷினில் ஊசித் தண்டின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருக்கும் மெஷினில் நிறம் மாற்ற முழுவதும் உருவ வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செய்வதுபோல, பழைய நூலைக் கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புது நூலைச் சிறிய முடிச்சாகக் கட்டி, வால்களை 1 செ.மீ. விட்டு நறுக்குங்கள். டென்ஷன் எண்களைக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் 0-க்குக் கொண்டுவாருங்கள். ஊசிகளுக்கு அருகில் ஊசி நூல்களை வெட்டி, தையல் சங்கிலியை ஊசித் தட்டின் விரலிலிருந்து (தையல் சுற்றிக்கொள்ளும் சின்னக் கம்பி) விடுவித்து, லூப்பர் நூல்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுங்கள். முடிச்சு லூப்பர் கண்களைத் தாண்டும். ஊசிக் கண்ணைத் தாண்டாது. அங்கே முடிச்சுக்கு முன்பே வெட்டி, கையால் கோர்க்க வேண்டும். பெடலை அழுத்தி முடிச்சை ஓட்டிவிடலாம் என்று முயன்றால் ஊசி வளையும்.

எல்லாம் கோர்த்ததும் உடனே பெடலில் கால் வைக்காதீர்கள். புட்டை இறக்கி, நூல்களைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீலைக் கையால் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். சங்கிலி உருவாகிறதா என்று பார்த்த பிறகு ஒரு துண்டுத் துணியில் மெதுவாகத் தையுங்கள். பழகுபவர்கள் நான்கு நிறக் கோன்களைப் போட்டால் எந்த நூல் தப்பு செய்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மேல் லூப்பர் நூல் துணியின் அடியில் புரண்டு வந்தால், மேல் லூப்பர் தளர்ந்திருக்கிறது அல்லது கீழ் லூப்பர் இறுகியிருக்கிறது. ஊசி நூல் அடிப்பக்கம் வளையமாகத் தொங்கினால் அந்த ஊசியின் நூல் டென்ஷன் தட்டில் இல்லை. புட்டைத் தூக்கி அந்த ஒன்றை மட்டும் மறுபடி கோர்த்தால் போதும். இரண்டு லூப்பர் நூல்களும் துணி ஓரத்திலேயே சந்தித்தால் டென்ஷன் சரியாக இருக்கிறது.