ஜலதோஷமா, அலர்ஜியா, சைனஸா? நீங்களே பிரித்துப் பார்ப்பது எப்படி

மூக்கு அடைத்து நெற்றி கனத்தாலே 'சைனஸ்' என்று முடிவுகட்டி, ஆன்டிபயாடிக் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். அவசரப்படாதீர்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் பதில் எழுதுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாளையே அவரிடம் காட்டலாம்.

படி 1: எத்தனை நாள் ஆச்சு?

நான் முதலில் கேட்பது இதைத்தான். சாதாரண ஜலதோஷம் தொண்டைக் கரகரப்பில் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், 7 முதல் 10 நாளுக்குள் தணிந்துவிடும். இருமல் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். காரணம் வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக்கால் பயனே இல்லை.

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் உள்ள காற்றறைகள்தான் சைனஸ். அதில் பாக்டீரியா தொற்று இருக்குமோ என்று சந்தேகிக்க மூன்று சூழல்கள் உண்டு. 10 நாளாகியும் கொஞ்சம்கூடக் குறையாமல் இருப்பது ஒன்று. ஐந்தாறு நாளில் தேறிவந்து, திடீரென்று காய்ச்சலும் சளியுமாக மறுபடி மோசமாவது இன்னொன்று. ஆரம்பத்திலிருந்தே 102 டிகிரி காய்ச்சலோடு, கெட்டியான சளியோ முகவலியோ மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது மூன்றாவது. 12 வாரத்தைத் தாண்டியும் தொடர்ந்தால் அது நாள்பட்ட பிரச்சினை, காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

சளி பச்சையாக வந்தால் பாக்டீரியாதான் என்று நினைக்காதீர்கள். எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது. வெறும் ஜலதோஷத்திலும் சளி பச்சையாகும்.

படி 2: அரிக்கிறதா?

மூக்கு, கண், அண்ணம் அரிப்பது, வரிசையாகத் தும்மல், தண்ணீர் போல ஒழுகுவது, ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் அலர்ஜிக்கே வாய்ப்பு அதிகம். எங்கே, எப்போது வருகிறது என்று குறித்துவையுங்கள். படுக்கையிலிருந்து எழும்போதா, தூசி தட்டும்போதா, பூனையைத் தூக்கும்போதா? அரிப்பே இல்லாமல் சென்ட் வாசனைக்கோ குளிர்காற்றுக்கோ ஒழுகினால், அது அலர்ஜி இல்லாத வேறு வகை.

படி 3: ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடைப்பு பக்கம் மாறினால் பயப்பட வேண்டாம், மூக்கின் இயல்பே அது. எப்போதும் ஒரே பக்கம் என்றால் மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருக்கலாம். இரண்டு பக்கமும் வலியில்லாமல் அடைத்து, வாசனையும் தெரியாமல் போனால் பாலிப் எனும் சதை வளர்ச்சியா என்று பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே எதையோ திணித்திருக்கலாம். நீங்களே எடுக்க முயலாதீர்கள். பட்டன் பேட்டரியாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்களுக்கு இதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல்வரிசைப் பல்லின் வேரையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: தலைவலி எப்படி?

தலைவலியோடு குமட்டலும் வெளிச்சம் தாங்காமையும் இருந்தால் அது மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், ஒழுகும். சைனஸ் தலைவலி என்று வருடக்கணக்கில் மாத்திரை போடுகிற பலருக்கு உண்மையில் இதுதான் பிரச்சினை.

படி 5: மருந்தே காரணமா?

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகளைச் சில நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி போடுவீர்கள், மறுபடி அடைக்கும். அட்டைப்பெட்டியில் பெயரைப் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி, குழப்பமான பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தலையில் அடிபட்ட பிறகு, குனியும்போது ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். அதற்கும் அன்றைக்கே போய்விடுங்கள்.