பாலிக்கு டிக்கெட் போட்டாச்சு, எந்தப் பக்கம் தங்குவது?

சேலத்திலிருந்து பாலிக்குக் கிளம்புகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பெங்களூரிலிருந்து எந்த ஃப்ளைட், ஏர்போர்ட் வரை எந்தக் கார், பிரைவேட் பூல் உள்ள வில்லா, நீச்சல்குளத்தில் மிதக்கும் காலைச் சாப்பாட்டுத் தட்டு வரை எல்லாம் முடிவாகியிருக்கும். "எந்த ஏரியாவில் தங்குறீங்க?" என்று கேட்டால் மட்டும் "பாலியிலதான்" என்பார்கள்.

பாலித் தீவின் பரப்பளவு சுமார் 5,780 சதுர கிலோமீட்டர். நம் சேலம் மாவட்டம் 5,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெளியூர்க்காரர் ஒருவர் ஆத்தூரில் ரூம் போட்டுக்கொண்டு, காலையில் ஏற்காடு, சாயங்காலம் மேட்டூர் அணை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு சேலம் ஐந்து ரோடு என்று திட்டம் போட்டால் நாம் சிரிப்போம். பாலியில் நம்மவர்கள் அதையேதான் செய்கிறார்கள். அதிலும் அங்கே பாதி ரோடுகள் குறுகல், ஸ்கூட்டர்கள் வேறு ஈசல் போல மொய்க்கும்.

மாதத்தைப் பார்க்காமல் கரையைப் பிடிப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். பணம் அதிகம் கொடுத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஜனவரியில்தான் மழை உச்சம். நம் கல்யாண மாதங்களோடு வைத்துப் பாருங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் வைத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை, வானம் தெளிவாக இருக்கும். தை மாத மாப்பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறார். அவர் போவது அசல் மழைக்காலத்தில்.

மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. கடற்கரையின் நிலைமைதான் விஷயம். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த பிளாஸ்டிக்கும் மரக்கட்டைகளும் மேற்குக் கரையில் ஒதுங்குகின்றன. கூட்டா, லெகியான், செமின்யாக், ஜிம்பரான் எல்லாமே மேற்குக் கரைதான். காலையில் டிராக்டர் வைத்து அள்ளுவார்கள், மறுநாள் மறுபடி வந்து சேரும். இணையத்தில் நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட செமின்யாக் படம் அநேகமாக ஜூலையில் எடுத்ததாக இருக்கும்.

அதே தை மாதத்தில் கிழக்குப் பக்கம் உள்ள நூசா துவாவும் சனூரும் எவ்வளவோ தேவலை. காற்று அந்தப் பக்கம் நேராக அடிப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். தென்கிழக்கிலிருந்து காற்று வீசும், கிழக்குக் கரையில் கொஞ்சம் பலமாகவே இருக்கும், மேற்குக் கரை பளிச்சென்று இருக்கும். ஆகவே தை, மாசியில் போகிறவர்கள் கிழக்கு, ஆவணியில் போகிறவர்கள் மேற்கு என்று தொடங்கி, மற்றதை அப்புறம் யோசிக்கலாம். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு மே மாதம் போவதுதான் என் கணக்கில் உத்தமம். ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிற கூட்டத்தால் அறை வாடகை ஏறிவிடும்.

எல்லாக் கடலிலும் இறங்கலாம் என்று நினைப்பது

சேலத்தில் வளர்ந்தவர்கள் நிறையப் பேர் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். கடலில் அது அவ்வளவாகக் கைகொடுக்காது. கூட்டாவில் தொடங்கிச் செமின்யாக், சங்கு (Canggu) வரை உள்ள கரை அலைச்சறுக்குக்குப் பேர் பெற்றது. அப்படியென்றால் அலை பெரியது, உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு என்று அர்த்தம். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் வரைகூட இறங்க வேண்டாம். உலுவத்து பக்கம் செங்குத்தான பாறை முனைகள். மேலிருந்து பார்க்க அற்புதம். ஆனால் கீழே மணலைத் தொட நிறையப் படி இறங்கி ஏற வேண்டும். மூட்டுவலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே அறை எடுத்தால், அவர்கள் நாள் முழுக்க பால்கனியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நூசா துவாவிலும் சனூரிலும் கரைக்குச் சற்றுத் தள்ளிப் பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. அலை அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் போல இருக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான இடம் தெற்குப் பாலியில் இல்லை. ஒரு சங்கடம் உண்டு. கடல் உள்வாங்கும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்னால் போய், பாறையும் கடல்புல்லும் வெளியே தெரியும். அந்த நேரம் நீந்த முடியாது. விளம்பரப் படங்கள் எல்லாம் கடல் ஏறியிருக்கும்போது எடுத்தவை. இது தெரியாமல் "ஏமாத்திட்டாங்க" என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஏற்ற நேரத்தை ரிசப்ஷனில் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, சூரியன். நூசா துவாவும் சனூரும் கிழக்கு பார்த்தவை, அங்கே கடலில் தெரிவது உதயம். அஸ்தமனத்தில் ஜோடியாகப் படம் எடுக்க வேண்டும் என்றால் ஜிம்பரான், செமின்யாக் அல்லது உலுவத்து. அதற்காக அங்கேயே தங்க வேண்டும் என்பதில்லை, ஒரு சாயங்காலம் போய்வரலாம். உலுவத்து கோயிலில் சூரியன் மறையும் நேரத்தில் நடக்கும் கெச்சாக் ஆட்டத்தை எப்படியும் பார்க்கப் போவீர்கள் அல்லவா? கண்ணாடியையும் செல்போனையும் மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்குள்ள குரங்குகள் கைதேர்ந்தவை.

'பீச்சுக்கு 5 நிமிடம்'

செமின்யாக், சங்கு பகுதிகளில் வில்லா என்பது பெரும்பாலும் நான்கு பக்கமும் உயரமான சுவர் எழுப்பி, உள்ளே ஒரு குளமும் இரண்டு அறையும் கட்டிய வீடு. தனிமை கிடைக்கும், கடல் தெரியாது. அந்த 5 நிமிடமும் பல நேரம் ஸ்கூட்டரில் சந்து வழியாகப் போகிற கணக்கு. இரவல் ஸ்கூட்டரில் பின்னால் மனைவியை உட்காரவைத்து, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் போவது தேவையில்லாத வம்பு. விபத்து என்றால் பயணக் காப்பீடும் கைவிரித்துவிடக் கூடும்.

பதிவு செய்வதற்கு முன்னால் கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஹோட்டலுக்கும் மணலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, போக வேண்டிய இடங்களுக்கு ஆகும் நேரத்தை பாலி நேரப்படி மாலை 5 மணிக்குத் தேடுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதாவது நமக்கு மதியம் இரண்டரை மணி. காலையில் அரை மணி என்று காட்டிய ரோடு மாலையில் ஒன்றரை மணி காட்டும். குறிப்பாக சங்குப் பக்கம். கிலோமீட்டரை வைத்து அங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. ரிவியூ படிக்கும்போதும் நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றை மட்டும் தேடிப் படியுங்கள். மற்ற மாதத்து நட்சத்திரங்களால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நல்ல பேருந்து வசதியை எதிர்பார்க்காதீர்கள். டிரைவரோடு கார் ஒன்றை நாள் வாடகைக்கு எடுப்பதுதான் அங்கே வழக்கம். கிராப், கோஜெக் ஆப்கள் உண்டு, ஆனால் சில பகுதிகளில் உள்ளூர் டாக்சிக்காரர்கள் ஆப் வண்டிகளை ஏற்றிக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் ஒதுக்குப்புறமாக, வாடகை குறைவாகக் கிடைத்த அறையில் மிச்சமான பணம் கடைசியில் கார் செலவில் போய்விடும்.

'இந்துத் தீவுதானே, சைவம் கிடைக்காதா?'

இது நம் ஊர்க்காரர்களிடம் மட்டும் பார்க்கிற தவறு. பாலி மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள்தான், வாசலுக்கு வாசல் பூவும் அரிசியும் வைத்துப் படைப்பார்கள். ஆனால் அவர்களுடைய விருந்துச் சாப்பாடு பாபி குலிங், அதாவது முழுப் பன்றியைச் சுட்டுச் செய்வது. கீரைப் பொரியல் என்று நினைத்துச் சாப்பிடுவதிலும் தெராசி என்னும் இறால் விழுது சேர்ந்திருக்கலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். சுத்த சைவப் பெரியவர்கள் கூட வந்தால் கூட்டா, செமின்யாக், நூசா துவா, உபுத் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள், இந்திய உணவகங்கள் அங்கே உண்டு. உலுவத்து பக்கம் போகப் போகக் குறைந்துவிடும்.

நூசா துவாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களில் உலக வங்கிக் கடனுதவியோடு ரிசார்ட்டுகளுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய பகுதி அது. வாயிலில் காவல், உள்ளே புல்வெளி, சுத்தம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடைத்தெரு சுற்றிப் பழகியவர்களுக்கு இரண்டாம் நாளே போரடிக்கும், ரிசார்ட்டுக்குள்ளேயே சாப்பிட்டால் பில்லும் கனக்கும். ஓய்வுக்கு வந்தவர்களுக்கு அது சொர்க்கம்தான். அறை விலைக்குப் பக்கத்தில் '++' என்று போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமுமாகச் சேர்த்து 21 சதவீதம் வரை ஏறும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து ராத்திரி, நான்கு ஹோட்டல்

பேக்கேஜ்களில் இதைச் சாதனை போல விற்கிறார்கள். மதியம் 12 மணிக்கு அறையைக் காலி செய்து, 3 மணிக்கு அடுத்த அறை கிடைக்கும் வரை பெட்டியோடு காத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போச்சு. ஐந்து ராத்திரிக்கு இரண்டு இடம் போதும். உபுத்தில் இரண்டு, கடற்கரையில் மூன்று. உபுத் உள்நாட்டு ஊர், வயலும் கோயிலும் காடும்தான். அங்கே பீச் வில்லா தேடாதீர்கள். அதை முதலில் வைத்து, கடலைக் கடைசியில் வையுங்கள். விமான நிலையம் தெற்கில் கூட்டாவை ஒட்டி இருக்கிறது. 2013இல் திறந்த கடல்மேல் சுங்கச்சாலை வழியாக நூசா துவாவிலிருந்து சீக்கிரம் போய்ச் சேரலாம். உபுத்திலிருந்து விடியற்காலை ஃப்ளைட்டைப் பிடிப்பதென்றால் அன்றைய தூக்கம் கோவிந்தா.

நூசா பெனிடா தீவுக்குப் போக ஆசையிருந்தால் படகுகள் பெரும்பாலும் சனூரிலிருந்து கிளம்பும், அதற்கு முந்தின ராத்திரி சனூரிலோ நூசா துவாவிலோ தங்குவது வசதி. மார்ச் வாக்கில் போகிறவர்கள் நியெப்பி, அதாவது பாலி இந்துக்களின் மௌன நாள், எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அந்த ஒரு நாள் முழுக்க விமான நிலையம் மூடியிருக்கும், தெருவில் யாரும் இறங்கக் கூடாது, ராத்திரி விளக்கும் வெளியே தெரியக் கூடாது. அந்தத் தேதியில்தான் போயாக வேண்டும் என்றால் தனி வில்லா வேண்டாம். சமையலறையும் ஆட்களும் உள்ள பெரிய ரிசார்ட்டாகப் பார்த்து, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.