கரட்டு மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மீட்டெடுப்பது எப்படி?

தாராபுரத்துக்குத் தெற்கே, பழனி மலையின் மழைமறைவில், ஒரு கரட்டை (சிறு பாறைக்குன்றை) ஒட்டி எங்களுக்கு நாலு ஏக்கர் மேய்ச்சல் காடு இருக்கிறது. அப்பா காலத்தில் அது நல்ல கொரங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். என் கைக்கு வந்தபோது வேலி பாதி போய்விட்டது, சீமைக்கருவேலம் ஏறிவிட்டது, சரிவில் மேல்மண் கரைந்து வெறும் சரளைதான் மிச்சம். மறுபடி புல் நிற்க மூன்று மழைக்காலம் பிடித்தது. அதில் முதலாவது முழுக்க வீண். அந்த ஒரு வருசம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் வேலி

ஆடு மாடு உள்ளே வந்துகொண்டிருந்தால் வேறு எந்த வேலை செய்தும் பலன் நிலைக்காது. கிளுவைக் குச்சி நட்டு, அது தழையும்வரை முள் அடைத்து வையுங்கள். கம்பிவேலி சீக்கிரம் முடியும்தான். ஆனால் நான் கிளுவைக்கே போவேன். வேர் பிடித்துவிட்டால் தலைமுறைக்கும் இருக்கும், காற்றையும் தடுக்கும்.

2. சீமைக்கருவேலம்

தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். பக்கத்து மண்ணைத் தோண்டி, அடிக்கட்டையை வேரோடு கிளப்ப வேண்டும். சமதரையில் பொக்லைன் விடலாம். சரிவில் வேண்டாம். கட்டையோடு சேர்த்து, மிச்சமிருக்கும் கொஞ்சம் மேல்மண்ணையும் அது புரட்டிவிடும். கடப்பாரையும் மம்பட்டியும் போதும். முள்ளை எரிக்காதீர்கள், ஐந்தாவது படிக்கு வேண்டும். காய் இருக்கும் கிளைகளை மட்டும் தனியே ஒதுக்கி எரித்துவிடுங்கள்.

3. தண்ணீரைச் சரிவில் நிறுத்துவது

இங்கே வருசத்துக்கு 600 மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அது ஓடிப்போகாமல் நிற்க, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் குழி எடுக்க வேண்டும். பத்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போடுங்கள். மேல்வரிசையில் இடைவெளி விட்ட இடத்துக்கு நேரே கீழ்வரிசையில் குழி வரட்டும்.

மட்டம் பார்க்க ஏ வடிவச் சட்டம் செய்து நூலில் கல் கட்டச் சொல்வார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் அந்த நூல் ஒரு நிமிடம்கூட நிற்காது. கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமே எனக்குச் சரிப்பட்டது. ஆள் இரண்டு பேர் வேண்டும், குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. பாறை தட்டும் இடத்தில் குழி எடுக்க மெனக்கெடாமல், கல்லை அடுக்கி வரப்பு வைத்துவிடுங்கள்.

4. விதை: நான் தோற்ற இடம்

ஆடி மழைக்குப் பக்கத்துக் காட்டில் கொழுக்கட்டை நன்றாகக் கதிர் விட்டிருந்தது. ஆவணியில் உருவி வந்தேன். ஐப்பசியில் விதைத்து, குருவி பொறுக்கக்கூடாதே என்று ஏர் ஓட்டி மூடினேன். மழையும் நன்றாகப் பெய்தது. கார்த்திகை முடியும்வரை தினமும் போய்க் குனிந்து பார்த்தேன். தும்பையும் நெருஞ்சியும் வந்தன, கொழுக்கட்டை வரவில்லை. மண் செத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

மண்மேல் தப்பில்லை. கொழுக்கட்டை விதைக்கு உறக்கக்காலம் உண்டு. உருவிய கையோடு விதைத்தால் பெரும்பாலானவை முளைக்காது. ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருசம், சணல் சாக்கில் காற்றோட்டமாக வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். தையில் உருவினால் ஐப்பசிக்குக் கணக்குச் சரியாக வரும். விலைக்கு வாங்குவதானால் 'எந்த மாதம் அறுத்தது' என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது, விதையை மூடியிருக்கும் பஞ்சுபோன்ற சுணைக்குள் மணி இருக்கிறதா என்று பார்ப்பது. பாதி வெறும் பதராகக்கூட இருக்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தால் கையில் சின்ன மணி நெருடும். ஐம்பது சுணையை எண்ணி, ஈரச்சாக்கில் சுருட்டிப் பத்து நாள் வையுங்கள். பதினைந்துகூட முளைக்காவிட்டால் விதையைக் கூட்டிப் போடுங்கள், இல்லையென்றால் வேறு விதை பாருங்கள். நல்ல விதையாக இருந்தால் ஏக்கருக்கு 3 கிலோ போதும்.

மூன்றாவது ஆழம். ஏர் ஓட்டியதே தப்பு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் முளை மேலே வரத் திணறும். களைக்கொத்தால் தரையை லேசாகக் கீறி, தூவி, ஒரு முள்கிளையை மேலே இழுத்துவிட்டு, காலால் மிதித்துக்கொண்டே வாருங்கள். அவ்வளவுதான். விதை ஒன்றோடொன்று ஒட்டும், காற்றிலும் பறக்கும். அதனால் ஒரு படி விதைக்கு மூன்று படி ஈரமண் கலந்து தூவுங்கள். குழிக்கரை ஓரத்தில் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். முதலில் பச்சை பிடிப்பது அங்கேதான்.

கூடவே நரிப்பயறு, முயல் மசால் என்ற தீவனப் பயறுவகைச் செடிகளின் விதையும் கலக்கலாம். முயல் மசால் விதையின் தோல் கெட்டி. கொதி அடங்கிய வெந்நீரில், 80 டிகிரி அளவில், நாலு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்த பிறகே விதைக்க வேண்டும்.

5. முள் மூட்டம்

ஒதுக்கி வைத்த முள்ளை விதைத்த இடத்தில் அங்கங்கே பரப்புங்கள். வெயில் நேரே இறங்காது, காற்றில் வரும் விதையும் சருகும் அங்கே தங்கும், வேலி தாண்டும் ஆடும் வாய் வைக்காது. என் காட்டில் அடர்த்தியான புல் இன்றைக்கும் முள் கிடந்த இடங்களில்தான்.

6. மேய்ச்சல்

முதல் வருசம் ஒரு ஆடுகூட உள்ளே போகக்கூடாது. புல் கதிர் விட்டு, விதை கொட்டி, தூர் கட்டட்டும். பச்சையைப் பார்த்ததும் பட்டியைத் திறக்கக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தீவனத்துக்கு வழியே இல்லையென்றால், விதை கொட்டிய பிறகு அரை அடி விட்டு மேலே அறுத்துப் போடலாம்.

இரண்டாம் வருசம் காட்டை நாலாகத் தடுத்து, ஒவ்வொன்றாகத் திறங்கள். எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள், புல்லைப் பாருங்கள். ஒரு சாணுக்குக் கீழே இறங்கியதும் அடுத்த தடுப்புக்கு மாற்றிவிட வேண்டும். மறுபடி துளிர்க்கும் மொட்டு அடித்தூரில்தான் இருக்கிறது. செம்மறி தரையோடு கடிக்கும், மாடு நாக்கால் வளைத்துப் பிடுங்குவதால் கொஞ்சம் விட்டுவைக்கும். அதனால் புதுப்புல்லில் முதலில் மாட்டைத்தான் விடுவேன்.

வெள்வேலங்கன்று தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். அதன் நிழல் லேசானது, கீழே புல் வரும். கோடையில் அதன் காய் ஆட்டுக்குத் தீவனமாகும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் செய்துபார்த்த இரண்டு பேர், சுத்தம் செய்த காட்டில் மறுபடி சீமைக்கருவேலங்கன்று முளைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வேர் மிஞ்சியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். விசாரித்தால் இருவருமே வெளியூர் ஆடு வாங்கி நேரே காட்டில் விட்டிருக்கிறார்கள். அந்தக் காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் எல்லா விதையும் செரிப்பதில்லை, புழுக்கையோடு வந்து விழுந்து முளைக்கிறது. புதிதாக வரும் ஆட்டை ஒரு வாரம் பட்டியிலேயே அடைத்து வேறு தீவனம் போடுங்கள். அந்த ஒரு வாரப் புழுக்கையைக் காட்டில் கொட்டாமல் எருக்குழியில் போட்டு நன்றாக மட்க விடுங்கள்.