தண்ணி விடாத கிரேக்கப் பாஸ்தா சலட்: கச்சான் காலத்துக்கு ஏற்ற செய்முறை

கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பில் மத்தியானம் அடுப்படியில் நிற்க ஏலாது. வீடுகளில் சனம் கூடுவதும் அந்த மாதங்களில்தான். பாடசாலை விடுமுறை, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற உறவுகள், மாமாங்கத் திருவிழா, பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரை என்று ஒன்று மாறி ஒன்று வரும். அப்படியான நாட்களில் காலை வெயில் ஏற முன்னமே செய்து முடித்துக் குளிரவைத்துவிட்டு, வந்தவர்களோடு இருந்து கதைக்கலாம் என்பதற்காகத்தான் எங்கள் வீட்டில் இந்தச் சலட்டைச் செய்கிறோம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற செய்முறையை அப்படியே இங்கே செய்தால், கலந்து ஒரு மணித்தியாலத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணி தேங்கிவிடும். மேலே கிடக்கிற பாஸ்தாவோ எண்ணெய் எல்லாவற்றையும் குடித்துவிட்டு வறண்டு கிடக்கும். சூட்டில் மரக்கறி வேகமாகத் தண்ணி விடுகிறது, பாஸ்தா ஆற நேரம் எடுக்கிறது. அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் தண்ணியைப் பற்றித்தான் இருக்கும். மற்றதெல்லாம் சுலபம்.

என்ன வேண்டும்

மற்றச் சாப்பாட்டோடு பத்துப் பேருக்குப் போதுமான அளவு இது. பாஸ்தா 400 கிராம், கெக்கரிக்காய் நடுத்தரமாக 2, இறுக்கமான தக்காளிப்பழம் 400 கிராம், பம்பாய் வெங்காயம் 1, கறிமிளகாய் 3, ஒலிவ் காய் 150 கிராம், ஃபெட்டா சீஸ் 200 கிராம், ஒலிவ் எண்ணெய் 120 மி.லீ., வினாகிரி 2 மேசைக்கரண்டி, தேசிக்காய் 1, உலர்ந்த ஒரிகானோ 2 தேக்கரண்டி, உள்ளி ஒரு பல்லு, மிளகு, உப்பு.

கிரேக்கத்தில் ஊர்ச் சலட் என்றால் தக்காளி, கெக்கரி, வெங்காயம், பச்சை மிளகாய் வகை, ஒலிவ், மேலே ஒரு துண்டு ஃபெட்டா, ஒரிகானோ, ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான். சலாது இலைகூடப் போடுவதில்லை. பாஸ்தா சேர்க்கிற பழக்கம் கிரேக்கத்துக்கு வெளியே வந்தது. அதனால் பாஸ்தாவைச் சேர்த்த பிறகு வேறெதையும் சேர்க்காதீர்கள். சோளம், மயோனைஸ், அன்னாசி எல்லாம் போட்டால் அது வேறொரு சலட்.

பாஸ்தாவில் சுருள் வடிவமான ஃபுசில்லியைத்தான் நான் எடுப்பேன். எண்ணெயும் ஒரிகானோவும் அந்தச் சுருளுக்குள் தங்கும். வளைந்த மக்ரோனி வேண்டாம், அதன் குழாய்க்குள் தண்ணி நின்றுவிடும். பக்கற்றின் பின்பக்கத்தில் டியூரம் கோதுமை என்று இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கோதுமை மாவில் செய்தது ஆறின பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும்.

கிரேக்கத்துக் கருஊதா ஒலிவான கலாமாத்தா எங்கள் பக்கத்துக் கடைகளில் எப்போதும் இருக்காது. அது இல்லையென்றால் டின்னில் வருகிற கறுப்பு ஒலிவை எடுக்காமல், போத்தலில் உப்புத் தண்ணியில் கிடக்கிற பச்சை ஒலிவை எடுங்கள். டின்னில் வருகிற கறுப்பு பெரும்பாலும் பழுத்துக் கறுத்தது அல்ல. காயைக் கோஸ்டிக் சோடா கரைத்த தண்ணியில் பதப்படுத்திக் கறுக்க வைக்கிறார்கள், அதில் ருசியும் போய்விடுகிறது.

ஒரிகானோ கிடைக்காவிட்டால் வேலியோரம் நிற்கிற கற்பூரவள்ளி போதும். இரண்டுக்கும் அந்த உறைப்பான மணத்தைக் கொடுப்பது கார்வக்ரோல், தைமோல் என்ற வாசனை எண்ணெய்கள்தான். ஆனால் கற்பூரவள்ளி இலை தடிப்பு, சாறு கூட. இரண்டு இலைக்கு மேல் வேண்டாம், மிகப் பொடியாக அரியுங்கள்.

ஃபெட்டா, அல்லது வீட்டுப் பால்கட்டி

ஃபெட்டா என்ற பெயரை 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது. செம்மறியாட்டுப் பால்தான் அடிப்படை, வெள்ளாட்டுப் பால் 30 வீதம் வரை சேரலாம். பசுப்பாலில் செய்த வெள்ளைச் சீஸும் அதே மாதிரிப் பெட்டியில் கடைக்கு வருகிறது. அதுவும் இந்தச் சலட்டுக்குப் பொருந்தும். இரண்டுமே விலைதான். கூட்டம் பெரிதென்றால் நான் வீட்டிலேயே செய்துவிடுவேன். இரண்டு நாளைக்கு முன் தொடங்க வேண்டும்.

ஒரு லீற்றர் பசும்பாலைக் கொதிக்க வையுங்கள். பொங்கி வரும்போது நெருப்பைக் குறைத்து, வினாகிரியை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு மெதுவாகக் கிண்டுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கரண்டியில் பால் திரைந்து, இளம்பச்சை நிறத்தில் தெளிந்த தண்ணி பிரியும். அந்த நிறம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் புளிப்பு விட்டால் கட்டி றப்பர் மாதிரி இறுகும். சுத்தமான பருத்தித் துணியில் வடித்து முடிந்து, மேலே அம்மிக்குழவியை இரண்டு மணித்தியாலம் வையுங்கள். கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணியில் இரண்டு மேசைக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் கரைத்து, கட்டியைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டு, மூடி பிரிட்ஜில் இரண்டு இரவு விடுங்கள். உப்பு உள்ளே இறங்கி, கையால் உதிர்த்தால் ஃபெட்டா மாதிரியே பொலபொலவென்று வரும்.

ஃபெட்டாவில் இருக்கிற புளிப்பு மட்டும் இதில் குறைவு. அதற்குத்தான் எங்கள் எருமைத் தயிர் இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து சட்டியில் வருகிற கெட்டித் தயிரில் நாலு மேசைக்கரண்டி எடுத்துத் துணியில் கட்டி, ஒரு இரவு பிரிட்ஜுக்குள் தண்ணி வடிய விடுங்கள். உதிர்த்த பால்கட்டியோடு அதைப் பிரட்டினால் கடைச் சீஸை நான் தேடுவதேயில்லை.

அவித்தல்

நாலு லீற்றர் தண்ணி, இரண்டு மேசைக்கரண்டி உப்பு. கடற்கரைப் பக்கம், வாவிப் பக்கம் இருக்கிறவர்களின் கிணற்றுத் தண்ணி கோடையில் உவர்க்கும். தண்ணியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உப்பைப் பாதியாக்குங்கள்.

பக்கற்றில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம் கூட அவிக்க வேண்டும். சுடச்சுடச் சாப்பிடுகிற பாஸ்தாவுக்கு நடுவில் கொஞ்சம் கடிபட வேண்டும் என்பார்கள். சலட்டுக்கு அது சரிவராது. மாச்சத்து குளிரும்போது திரும்ப இறுகும், பழஞ்சோறு பிரிட்ஜில் வைத்தால் விறைப்பது போல. அதனால் சூட்டில் சற்று மெதுவாகத் தெரிகிற பாஸ்தாதான் குளிர்ந்ததும் சரியான பதத்துக்கு வரும்.

தண்ணியைப் போக்குதல்

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. பாஸ்தாவை வடித்ததும் பச்சைத் தண்ணியில் அலசச் சொல்கிற செய்முறைகள் நிறைய. நான் அலசுவதில்லை. அலசின தண்ணி சுருளுக்குள் நிற்கும். அதோடு, திரும்ப அடுப்பில் ஏறாத சாப்பாட்டில் கொதிக்காத தண்ணி படுவதும் நல்லதல்ல. வடித்ததை அப்படியே அகலமான எவர்சில்வர்த் தட்டங்கள் இரண்டில் ஒரு அடுக்காகப் பரப்பி, ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் விட்டுப் பிரட்டி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஆவி பறந்து மேல்பக்கம் உலர்ந்துவிடும். இடையில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். கையை வைத்தால் சூடு தெரியாமல், விரலில் ஈரம் ஒட்டாமல் இருக்க வேண்டும். குவியலாக விட்டால் நடுவில் சூடு நின்று, ஆவி தண்ணியாகித் திரும்ப அதிலேயே விழும்.

ஆறிவிட்டதென்று மேசையிலேயே விட்டுவிடவும் கூடாது. அவித்த பாஸ்தா, சோறு இரண்டிலும் பசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வெப்பத்தில் பெருகும், அது விடுகிற நஞ்சு சூடாக்கினாலும் போகாது. ஆறினதும் மூடி பிரிட்ஜுக்குள் வையுங்கள்.

அடுத்தது கெக்கரி. நெடுக்காகப் பிளந்து, நடுவில் இருக்கிற விதையையும் வழுவழுப்பையும் தேக்கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, விரல் தடிப்பில் வெட்டுங்கள். அரைத் தேக்கரண்டி உப்புத் தூவி வடிதட்டில் இருபது நிமிடம். மாமி பச்சடிக்கு எப்போதும் அப்படித்தான் செய்வார்: “உப்பு அதிர தண்ணிய தானே வெளிய இழுத்துடும் மகள், நீ கையால ஒருக்காப் பொத்திப் பிழிஞ்சு விட்டாக் காணும்.” அப்படிப் பிழிந்த கெக்கரி அடுத்த நாளும் நறுக் நறுக்கென்று இருக்கும். வடிதட்டுக்குக் கீழே ஒரு கோப்பை வைத்துப் பாருங்கள், சேர்கிற தண்ணி முழுவதும் சலட்டுக்குள் போயிருக்க வேண்டியது.

தக்காளியிலும் விதைச் சாறை வழித்தெடுங்கள், எறியாதீர்கள். அந்தச் சாறை வடித்து இரண்டு மேசைக்கரண்டி டிரெஸிங்கில், அதாவது சலட்டுக்கு ஊற்றுகிற எண்ணெய்-வினாகிரிக் கலவையில், சேர்த்தால் நல்ல ருசி. வெங்காயத்தை மெல்லிய பிறைகளாக அரிந்து பத்து நிமிடம் வினாகிரியில் ஊற வைத்தால் காரம் அடங்கும். அந்த வினாகிரியையே டிரெஸிங்குக்கு எடுத்துக்கொள்ளலாம். கறிமிளகாயை விதை தட்டி வளையமாக வெட்டினால் போதும்.

டிரெஸிங், இரண்டு தரம்

முட்டை அடிக்கிற கம்பியைத் தேட வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள வெறும் ஜாம் போத்தலைவிட இதற்கு நல்ல சாமான் இல்லை. எண்ணெய், வினாகிரி, தட்டின உள்ளி, ஒரிகானோ, மிளகு, இருந்தால் அரைத் தேக்கரண்டி கடுகு விழுது எல்லாவற்றையும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கடுகு விழுது எண்ணெயையும் புளிப்பையும் பிரியாமல் பிடித்து வைக்கும். உப்பு இப்போது போடாதீர்கள். ஒலிவ், சீஸ், கெக்கரி மூன்றிலும் உப்பு இருக்கிறது, கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். எங்களூர்த் தென்னை வினாகிரி நன்றாகப் பொருந்தும். தேசிக்காயைப் பரிமாறும்போது பிழியுங்கள், முதலிலேயே விட்டால் நேரம் போகப் போகக் கைப்பு ஏறும்.

டிரெஸிங்கில் பாதியைக் காலையில் பாஸ்தாவோடு மட்டும் கலந்து பிரிட்ஜில் வையுங்கள். பாஸ்தா குடிக்க வேண்டியதை இப்போதே குடிக்கட்டும். மரக்கறி வேறொரு பெட்டியில், சீஸ் வேறொன்றில். சாப்பிடக் கால் மணித்தியாலம் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கி மீதிப் பாதியை ஊற்றுங்கள். சீஸ் கடைசியில்தான், மேலே உதிர்த்து விட்டு ஒரு தடவை மட்டும் பிரட்டினால் போதும். முந்திப் போட்டுக் கிண்டினால் கரைந்து எல்லாம் சாம்பல் நிறமாகும். கலக்கிற பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பும் உப்பும் பட்டு உலோக வாடை வரும்.

கொண்டுபோகும்போது

பாசிக்குடாவுக்கு நகரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மீன் கொண்டுவருகிற ரெஜிபோம் பெட்டியில் புதிதாக ஒன்று வாங்கி, தண்ணிப் போத்தல்கள் இரண்டு மூன்றை இரவே உறையவைத்து, அவற்றுக்கு நடுவில் சலட்டுப் பெட்டிகளை அடுக்குங்கள். தனி ஐஸ் போட்டால் உருகி உள்ளே போகும். 32 பாகைக்கு மேல் வெயில் இருந்தால் சலட்டை வெளியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கச்சான் காலத்து மத்தியானம் அதைத் தாண்டித்தான் இருக்கும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் மேசையில் வைக்காமல், பாதியை வைத்துவிட்டு மீதியை ஐஸ் பெட்டியிலேயே விடுங்கள். சுட்ட பாரை மீன், தணலில் வாட்டின வாவி இறால் இரண்டுக்கும் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமானதை நான் சாப்பிட்டதில்லை.

பிறகு சேர்த்தது

செய்து பார்த்த சிலர் கேட்டவை. பிரிட்ஜிலிருந்து எடுத்தால் பாஸ்தாவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருக்கிறதே, பழுதாகிவிட்டதா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இல்லை, ஒலிவ் எண்ணெய் குளிரில் உறையும். பத்து நிமிடம் வெளியில் வைத்துப் பிரட்டினால் தெளிந்துவிடும்.

காத்தான்குடியிலிருந்து வந்த கேள்வி இன்னும் முக்கியமானது. ஃபெட்டா உட்படப் பல சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரெனட் சேர்க்கிறார்கள். ஹலால் பார்க்கிறவர்களும், ஆடி அமாவாசை போன்ற நாட்களில் சைவமாக இருக்கிறவர்களும் பெட்டியில் ஹலால் முத்திரை, அல்லது நுண்ணுயிர் ரெனட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மேலே சொன்ன வீட்டுப் பால்கட்டியில் வினாகிரி மட்டும்தான், அதனால் எல்லா வீட்டுக்கும் அதைத் தயங்காமல் கொண்டுபோகலாம். மாமாங்கத் தீர்த்த நாளுக்கு விரதக்காரருக்கென்று செய்தால் வெங்காயத்தையும் உள்ளியையும் விட்டுவிட்டு, ஒலிவைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.