லீவுப் புலம்பலைக் கிளப்பி ஊரின் இளவட்டப் பேச்சைத் தொகுப்பது எப்படி?

ஒரு ஊரில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பேசிய பேச்சைத் தொகுக்க நினைப்பவர்கள், "உங்க காலத்துல என்னென்ன வார்த்தை சொல்லுவீங்க?" என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. கேட்டதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மச்சி, மாமு, பிகர் என்று தமிழ்நாடே அறிந்த நாலு சொல் வரும், அதோடு சரி. அந்த வயதுப் பேச்சு எரிச்சலோடு ஒட்டிக்கொண்டிருப்பது. எரிச்சலைக் கிளப்ப லீவுப் பேச்சு போதும்.

கேள்விகளை இப்படிப் போடலாம். "தீபாவளி ஞாயித்துக்கிழமையில வந்தா என்ன சொல்லித் திட்டுவீங்க?" (2023இல் நவம்பர் 12 ஞாயிறாகப் போனது, இன்றைய பிள்ளைகளுக்கும் நினைவிருக்கும்.) "பக்கத்து மாவட்டத்துக்கு மழை லீவு, நமக்கு மட்டும் இல்லேன்னா?" "அரையாண்டு லீவுல ஸ்பெஷல் கிளாஸ் வெச்ச வாத்தியாருக்கு என்ன பட்டப்பேரு?" "மே மாசம் சொந்தக்காரங்க வீட்டுல கொண்டுபோய் விட்டா எப்படி இருக்கும்?" கடைசிக் கேள்வியில்தான் அதிகம் விழும். அங்கே இரண்டு ஊர்ப் பேச்சு மோதும். சென்னைப் பையனின் 'இன்னா', 'கீது' திருநெல்வேலியில் கேலிக்கு ஆளாகும். அங்குள்ள 'கோட்டி', 'சவம்' இவனுக்குப் புரியாது. புரியாமல் விழித்த சொல்லை யாரும் மறப்பதில்லை.

பண்டிகை அன்றே உட்காராதீர்கள். சமையலும் விருந்தாளியுமாக வீடு இரண்டுபடும். பொங்கல் என்றால் மாட்டுப் பொங்கலன்று சாப்பாடு முடிந்த மதிய நேரம் தோது. ஒரே ஊரில் படித்த, ஏறக்குறைய ஒரே வயதுள்ள மூன்று நான்கு பேர் போதும். அப்பாவோ சித்தப்பாவோ கூட இருந்தால் பேச்சு உடனே 'வாங்க, போங்க'வுக்கு மாறிவிடும். பெண்கள் குழுவைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் அறியாத சொற்கள் அவர்களிடம் நிறைய உண்டு, பல தொகுப்புகளில் அந்தப் பக்கமே காலியாகக் கிடக்கிறது.

அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவர்களுக்கு ஒரு கைநீளத்தில் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

பிறகு சொல்லுக்கு ஓர் அட்டை. சொல், ஒலி, அது வந்த முழு வாக்கியம், யார் யாரிடம் சொல்வது, யார் முன்னால் சொல்லக் கூடாது, எந்தப் பகுதி, எந்த ஆண்டுகள். ஆண்டைப் பிறந்த வருஷத்திலிருந்து கணக்கிடுங்கள். 1972இல் பிறந்தவரின் 13 முதல் 19 வயது வரை என்றால் 1985 முதல் 1991 வரை. ஒலிக்குத் தனி இடம் ஏன் என்றால், 'ப', 'க' போன்றவற்றுக்கு உள்ள வெவ்வேறு ஒலிகளையும் தமிழ் எழுத்து ஒன்றாகவே காட்டும். 'பேஜார்' என்ற அட்டையில் "முதல் எழுத்து 'பஸ்' போல" என்றும், 'கெத்து' அட்டையில் "'கேட்' போல" என்றும் எழுதினால் வேறு ஊர்க்காரரும் சரியாகப் படிப்பார். வாக்கியத்தைத் திருத்தாதீர்கள். "லீவு வுட்டும் ஒரே பேஜாரா கீதுடா" என்பதை 'இருக்கிறது' என்று மாற்றினால் அட்டையே வீண்.

ஒரே பொருளுக்குத் தலைமுறை வாரியாகச் சொற்களை அடுக்கிப் பாருங்கள். லீவில் வந்து அலுக்கும்படி பேசும் மாமாவை மூத்தவர்கள் 'அறுவை', 'ரம்பம்', 'பிளேடு' என்பார்கள், சிலர் 'கடி' என்பார்கள், இளையவர்கள் 'மொக்கை' என்பார்கள். முந்தையவை கூர்மையால் வருத்தியவை, பிந்தையது முனை மழுங்கியது. கேலிக்கும் அதே மாதிரி ஊர் வாரியாக ஓர் அடுக்கு போடலாம்: சென்னையில் கலாய்ப்பது, மதுரையில் லந்து, கோவையில் குசும்பு.

பெரிய சிக்கல் சினிமாவும் டிவியும்தான். சன் டிவி 1993இல் வந்த பிறகு நகைச்சுவைக் காட்சிகள் நாள் முழுக்க வீட்டுக்குள் ஓடின. வடிவேலு பேசிய மதுரைப் பேச்சு கன்னியாகுமரி வரை போய்விட்டது. அதனால் எந்தச் சொல்லுக்கும் "முதல்ல யார் வாயில கேட்டீங்க?" என்று கேளுங்கள். அண்ணன், பஸ் ஸ்டாண்ட், டியூஷன் என்று பதில் வந்தால் ஊர்ச் சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே கூட்டாளிகளாக இல்லாத இரண்டு பேராவது தனித்தனியே சொல்லாதவரை அட்டையில் பென்சில் குறிதான்.

சாதியையும் உடற்குறையையும் இழிவாகச் சொல்லும் சொற்கள் கட்டாயம் வரும். விட்டுவிட்டால் தொகுப்பு பொய்யாகும், அப்படியே கலந்து வைத்தால் யாரோ ஒருவருக்கு வலிக்கும். தனிக் கட்டாக வைத்து, யாரைக் குறித்த வசை என்று எழுதி, சொன்னவர் பெயரை எடுத்துவிடுங்கள்.

அடுத்த லீவில் அட்டைகளை அதே ஆட்கள் முன் உரக்கப் படியுங்கள். "அப்படி எவன்டா சொன்னான்?" என்று சண்டை வரும். அப்போதும் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.