குத்துச்சண்டைக்கு முன்னால் வாய்ச்சண்டை போடுவது எப்படி

2025 செப்டம்பரில் எனக்கு ஒரு பிரியாணி நஷ்டம். கனெலோ அல்வாரஸும் டெரன்ஸ் க்ராஃபோர்டும் லாஸ் வேகாஸில் மோதப்போகிறார்கள் என்றதும் நண்பன் க்ராஃபோர்டு பக்கம் போனான், நான் கனெலோ பக்கம். என் வாதம் ரொம்ப எளிமையானது. கனெலோ 168 பவுண்டில், அதாவது சுமார் 76 கிலோ பிரிவில், வருஷக்கணக்காக ஆடுகிறவர். க்ராஃபோர்டு 154 பவுண்டில் போட்டதே ஒரே ஒரு சண்டை, அதையும் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஜெயித்தார், அங்கிருந்து இரண்டு பிரிவு ஏறி வந்து, 38 வயதைத் தொடப்போகிற நேரத்தில், என்ன பண்ணிவிடுவார்? ஞாயிற்றுக்கிழமை காலை டீயும் கையுமாக உட்கார்ந்து 12 சுற்றும் பார்த்தேன். 116-112, 115-113, 115-113. மூன்று ஜட்ஜுகளும் க்ராஃபோர்டுக்கே கொடுத்தார்கள்.

பிரியாணி போனதில் வருத்தமில்லை. பதில் அத்தனை வருஷமாகக் கண் முன்னாலேயே கிடந்ததுதான் உறுத்தியது. 2013இல் மேவெதர் கனெலோவை ஆட்டிப்படைத்தார், அவர் கனெலோவைவிடச் சின்ன உடம்புக்காரர். 2014இல் எரிஸ்லாண்டி லாரா என்ற இடக்கையர் நகர்ந்து நகர்ந்தே ஆடி, கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்ற ஜட்ஜ் கணக்கில்தான் கனெலோ தப்பித்தார். 2022இல் டிமிட்ரி பிவோல் ஜாபும் (முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிக் குத்துவது) காலுமாக ஆடி 115-113 என்று மூன்று ஜட்ஜ் அட்டையிலும் ஜெயித்தார். பிவோல் 175 பவுண்டுக்காரர், பெரிய ஆள், அதனால்தான் கனெலோ தோற்றார் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது எடையே இல்லை, நல்ல ஜாபும் ஓயாத காலும்தான். க்ராஃபோர்டிடம் இரண்டும் இருந்தன, போதாததற்கு அவரும் பெரும்பாலும் இடக்கை நிலையில் நிற்கிறவர்.

அந்தத் தோல்விக்கு அப்புறம் ஒரு சண்டையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் சில வேலைகளைச் செய்ய ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெற்றிக் கணக்கைத் தூர வையுங்கள். வாதம் எப்போதும் அதில்தான் தொடங்கும், "நாற்பது சண்டை, நாற்பதும் வெற்றி" என்று ஒருவர் எடுத்து வைப்பார், மற்றவர் பேச்சை நிறுத்திவிடுவார். அந்தக் கணக்கில் யாரை, எந்த வயதில், எந்த எடையில் அடித்தார் என்று எதுவும் இருக்காது. 1974இல் முகமது அலியோடு மோத ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவுக்குப் போனபோது ஜார்ஜ் ஃபோர்மன் 40 சண்டை ஆடி 40இலும் ஜெயித்தவர், அதில் 37 நாக்அவுட். கணக்கைப் பார்த்தவர்கள் அலி உயிரோடு திரும்புவாரா என்று கவலைப்பட்டார்கள். எட்டாவது சுற்றில் கீழே விழுந்தது ஃபோர்மன்.

கணக்கில் உருப்படியாகப் படிக்க வேண்டியது தோல்விகளையும், தோற்றிருக்க வேண்டிய சண்டைகளையும்தான். ஒருவர் தடுமாறிய ஒரு சண்டையை முழுசாகப் பாருங்கள், அவர் பிய்த்தெறிந்த ஐந்து சண்டைகளின் துணுக்குகளைவிட அது பத்து மடங்கு சொல்லும். துணுக்கு வீடியோக்கள் ஒரு பெரிய ஏமாற்று: எல்லாரும் அதில் மைக் டைசன்தான். (அசல் டைசனே 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது சுற்றில் விழுந்தார், அப்போது டக்ளஸுக்கு இருந்த பந்தய விகிதம் 42க்கு 1.)

அடுத்து பலத்தைப் பேசுவது. "அவனுக்குப் பவர் இருக்குப்பா" என்பது எதையும் சொல்லாத வாக்கியம். எந்தக் கை, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் குத்துக்குப் பின்னால் வருகிறது என்று சொல்ல வராவிட்டால் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். டியான்டே வைல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியில் டைசன் ஃபியூரியோடு இரண்டாம் முறை மோதியபோது அவர் கணக்கில் 42 வெற்றி, 41 நாக்அவுட், ஒரு டிரா. அந்த வலது கையைப் போன்ற ஒன்றை ஹெவிவெயிட்டில், அதாவது அதிக எடைக்காரர்கள் பிரிவில், நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கை நீட்டி வர இடம் வேண்டும், பின்காலை ஊன்றித் தள்ள ஒரு நொடி வேண்டும், எதிராளி பின்வாங்கிக்கொண்டே இருந்தால் அவருக்கு இரண்டும் கிடைக்கும். முதல் சண்டையில் ஃபியூரி பெரும்பாலும் பின்வாங்கித்தான் ஆடினார், இரண்டு முறை கீழே விழுந்தார், டிராவில் முடிந்தது. இரண்டாவதில் 273 பவுண்டு உடம்போடு வந்து முன்னால் முன்னால் ஏறினார், 231 பவுண்டு வைல்டர் பின்காலில் நிற்க வேண்டியதாயிற்று, ஏழாவது சுற்றில் வைல்டரின் மூலையிலிருந்து, தோல்வியை ஒத்துக்கொள்ளும் துண்டு வந்து விழுந்தது. பவர் அதே பவர்தான், அது வேலை செய்யும் இடத்தை ஃபியூரி எடுத்துவிட்டார்.

ஆகவே ஒரு ஆளின் பலத்தை எழுதும்போது பக்கத்திலேயே "இது வேலை செய்ய என்ன வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். எதிராளி அதைக் கொடுப்பாரா மாட்டாரா என்பதில்தான் பாதி விவாதம் இருக்கிறது.

பலவீனத்துக்கும் இதே கேள்விதான், கொஞ்சம் மாற்றி: அந்த ஓட்டை இருக்கட்டும், இந்த எதிராளியால் அதுவரை போய்ச்சேர முடியுமா? விளாடிமிர் க்ளிட்ச்கோவுக்குத் தாடை பலமில்லை என்று எல்லாருக்கும் தெரியும், 2003இல் கோரி சாண்டர்ஸ் இரண்டாவது சுற்றிலேயே முடித்தார், 2004இல் லாமன் ப்ரூஸ்டர் ஐந்தாவதில். ரசிகர்கள் கதை முடிந்தது என்றார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் அவரை வேறு ஆளாக்கினார்: நீளமான ஜாப், யாராவது உள்ளே வந்தால் உடனே கட்டிப்பிடித்து மேலே சாய்வது, மறுபடி தூரம், மறுபடி ஜாப். பார்க்க அலுப்பாக இருக்கும், நானே பல சண்டைகளில் தூங்கியிருக்கிறேன். ஆனால் 2006இலிருந்து 2015 நவம்பர் வரை பட்டத்தை யாராலும் பிடுங்க முடியவில்லை. தாடை மாறவே இல்லை, அதுவரை கை எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் தோற்கடித்த ஃபியூரியும் தாடையைத் தேடிப் போகவில்லை, தன் உயரத்தையும் அசைவையும் வைத்து அந்த ஜாபையே செல்லாக்காசாக்கினார்.

இப்போது விவாதங்களில் அதிகம் ஆளைக் கவிழ்க்கும் முக்கோணக் கணக்கு. "அ, ஆவை அடித்தான்; ஆ, இயை அடித்தான்; அப்போ அ, இயை அடிப்பான்." இதை யாராவது சொன்னால் 1970களின் ஹெவிவெயிட்டைச் சொல்லி முடித்துவிடலாம். ஜோ ஃப்ரேஸியர் 1971இல் அலியைத் தோற்கடித்தார். கென் நார்ட்டன் 1973இல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். ஃபோர்மன் ஃப்ரேஸியரை இரண்டு சுற்றில் ஆறு முறை கீழே தள்ளினார், நார்ட்டனையும் இரண்டே சுற்றில் முடித்தார். முக்கோணக் கணக்குப்படி அலி ஃபோர்மனிடம் செத்தார். நடந்தது வேறு, ஏனென்றால் ஃப்ரேஸியர் நேராகக் குனிந்து உள்ளே வருகிறவர், கீழிருந்து மேலே வரும் ஃபோர்மனின் அப்பர்கட் குத்துக்கு அதைவிட வசதியான ஆள் கிடையாது. அலி கயிற்றில் சாய்ந்து, கழுத்தைப் பிடித்து அழுத்தி, அவரைக் காற்றிலும் கையிலும் குத்தவிட்டுக் களைக்க வைத்தார்.

இடக்கையரும் வலக்கையரும் மோதினால் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். வலக்கையருக்கு இடது கால் முன்னால், இடக்கையருக்கு வலது கால் முன்னால், அதனால் இரண்டு முன்கால்களும் ஒன்றையொன்று மிதிக்கிற மாதிரி எதிரெதிரே வந்து நிற்கும். யாருடைய முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் போய் நிற்கிறதோ, அவருடைய பின்கைக்கு நேர்வழி திறக்கும். வலக்கையர் மார்க்கேஸ், இடக்கையர் பாக்கியாவ் மோதிய நான்கு சண்டைகளையும் வரிசையாகப் போட்டு இதை மட்டும் கவனியுங்கள். முதல் சண்டையின் முதல் சுற்றில் மூன்று முறை விழுந்த மார்க்கேஸ் எழுந்து டிரா வாங்கினார், அடுத்த இரண்டிலும் நூலிழையில் தோற்றார், 2012 டிசம்பரில் ஆறாவது சுற்று முடிய ஒரு நொடி இருக்கும்போது பாக்கியாவ் தன் வழக்கப்படி உள்ளே குதிக்க, வலது கை ஒன்றால் முகம் குப்புற விழவைத்தார். இடையில் அதே பாக்கியாவ் டி லா ஹோயா, ஹாட்டன், கோட்டோ என்று பெரிய பெயர்களை உருட்டிக்கொண்டிருந்தார். மார்க்கேஸுக்கு மட்டும் அந்த உள்ளே வரும் தாளம் மனப்பாடம்.

எடை, வயது, பயிற்சி முகாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து நமக்குத் தெரிவது கொஞ்சம்தான். எடை பார்ப்பது வழக்கமாகச் சண்டைக்கு முந்தின நாள், அப்புறம் தண்ணீரும் சாப்பாடுமாக ஏறிவிடுவார்கள், அதனால் தராசில் சமமாக நின்றவர்கள் ரிங்கில் சமமாக இருக்கமாட்டார்கள். ஏறி வருகிறவரைவிட எடையைக் குறைத்துக் கீழே இறங்குகிறவர்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம், 2008இல் பாக்கியாவுக்காக 147க்கு இறங்கி வந்த டி லா ஹோயா எட்டு சுற்றுக்குமேல் நாற்காலியை விட்டு எழவில்லை. முகாம் செய்திகளில் தொண்ணூறு சதவீதம் விளம்பரம். ஆனால் ஒருவர் எப்போது வந்து இறங்கினார் என்பதைப் பாருங்கள். 2001இல் லெனாக்ஸ் லூயிஸ் ஒரு சினிமாவில் தலைகாட்டிவிட்டு, கடல் மட்டத்திலிருந்து உயரமான ஜோகன்னஸ்பர்க் பக்கம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், ஹசீம் ரஹ்மான் முன்னதாகவே போய் அந்தக் காற்றுக்குப் பழகியிருந்தார், ஐந்தாவது சுற்றில் ஒரே வலது கை. ஏழு மாதம் கழித்து லூயிஸ் ஒழுங்காகத் தயாராகி வந்து நான்காவது சுற்றில் கணக்கைத் தீர்த்தார். மாற்று ஆளாகக் கடைசி நேரத்தில் வருகிறவரையும் இளக்காரமாகப் பேசாதீர்கள், 2019 ஜூனில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவைத் தரையில் உருட்டிய ஆண்டி ரூயிஸ் அப்படி வந்தவர்தான்.

அப்புறம் புள்ளி போடக் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளி போடாமல் "அநியாயம், திருடிட்டாங்க" என்று கத்துவது சும்மா சத்தம். விதி லேசானது: சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, தோற்றவர் ஒரு முறை விழுந்திருந்தால் 8. சுத்தமாகப் பட்ட குத்து, பலன் தந்த ஆக்ரோஷம், ரிங்கில் யார் சொன்னபடி யார் ஆடினார்கள், தற்காப்பு, இந்த நாலையும்தான் ஜட்ஜ் பார்க்க வேண்டும். வர்ணனையின் சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உடனே எழுதுங்கள், அடுத்த சுற்றைப் பார்த்துவிட்டு முந்தினதைத் திருத்தாதீர்கள். 2024 மேயில் ரியாத்தில் உசிக்–ஃபியூரி முதல் சண்டையை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது சுற்றில் நடுவர் எண்ணிய அந்த நாக்டவுன் இல்லாமல் ஃபியூரிக்கு ஒரு புள்ளி கூடியிருந்தால், 114-113 என்று உசிக்குக்குப் போன அட்டை 114-114 ஆகி, மொத்தச் சண்டையே டிராவாகியிருக்கும். அநியாயமே நடப்பதில்லை என்று சொல்லவில்லை, 2017இல் கனெலோ–கோலோவ்கின் சண்டைக்கு ஒரு ஜட்ஜ் 118-110 என்று கனெலோவுக்குப் போட்டதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. ஆனால் நான் புள்ளி போட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக வாதாடும் முறை. சண்டைக்கு ஒரு வாரம் முன்னால் மூன்று வரி எழுதி நண்பர்கள் குழுவில் போட்டுவிடுங்கள். யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார், எதைப் பார்த்தால் நான் தப்பு என்று ஒத்துக்கொள்வேன். மூன்றாவது வரிதான் முக்கியம், அது இல்லாதவரோடு வாதாடாதீர்கள், அவர் எப்படி முடிந்தாலும் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். கனெலோ–க்ராஃபோர்டுக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி இருந்திருக்கும்: "கனெலோ, உடம்பில் குத்தி எட்டாவது சுற்றுக்குள் க்ராஃபோர்டின் கால் ஓட்டத்தை நிறுத்துவார். நாலாவது சுற்று முடிந்தும் க்ராஃபோர்டின் ஜாப் பட்டுக்கொண்டே இருந்தால் நான் அவுட்." எழுதியிருந்தால் நாலாவது சுற்றிலேயே டீயை வைத்துவிட்டு பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்திருப்பேன்.

எதிர்ப்பக்கத்துக்காரர் சொல்வதில் ஒன்றையாவது நீங்களே அவரைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுங்கள். "அவன் பயந்து ஓடுறான், சண்டைக்கே வரமாட்டான்" என்ற பேச்சை எடுக்காதீர்கள், ஒப்பந்தம், ஒளிபரப்பு, பட்டக்காரர் மோதியே ஆக வேண்டிய கட்டாயப் போட்டியாளர் என்று அதற்குப் பின்னால் நூறு விஷயம் இருக்கும், குத்து வாங்கப் போகிறவரைக் கோழை என்று சோபாவில் உட்கார்ந்து சொல்வது நன்றாகவும் இல்லை. ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடும்வரை பந்தயம் கட்டாதீர்கள். சண்டை முடிந்த அன்றே மறுபடி ஒரு முறை, இந்த முறை உங்கள் மூன்று வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுசாகப் போட்டுப் பாருங்கள். நான் பிரியாணி சாப்பிடுகிற நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன், ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு வாய் அள்ளிப் போட்டான்.