ஹெல்சிங்கியில் லொன்ரோத் சிலையைப் பார்க்க ஒரு வழி

ஊரிலிருந்து வரும் உறவினர்களை முதலில் எலியாஸ் லொன்ரோத் சிலைக்குத்தான் கூட்டிப் போவேன். பாதிப் பேர் ஒரு படம் எடுத்துவிட்டு, "சரி, அடுத்து எங்கே?" என்பார்கள். தப்பு என்மேல்தான், ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன கேட்பார்கள்?

அதனால் கிளம்பும் முன், லொன்ரோத் தொகுத்த பின்லாந்தின் தேசிய காவியமான 'கலேவலா'வின் 17ஆம் பாடலைப் படித்துவிடுங்கள். ஆர். சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 1994லேயே தமிழுக்கு வந்துவிட்டது. படகு கட்டும் கிழவன் வைனாமொயினனுக்கு மந்திரத்தில் மூன்று சொற்கள் குறைகின்றன. அவற்றைத் தேடி ஒரு பூதத்தின் வயிற்றுக்குள்ளேயே போய்விடுகிறான். மொத்தம் 50 பாடல்கள், இப்போதைக்கு இது ஒன்று போதும்.

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. லொன்ரோத் பெயரிலேயே உள்ள தெருவில், பழைய தேவாலயத்துக்கு எதிரே. டிசம்பரில் வந்தால் மூன்றே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மதியத்துக்குள் போய்விடுங்கள்.

நடுவில் உட்கார்ந்திருப்பவர்தான் லொன்ரோத். தொழிலால் மருத்துவர். உ.வே.சா. ஏடு தேடி அலைந்தார் என்றால், இவர் பின்லாந்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய கரேலியாக் கிராமங்களில் பாட்டுக்காரர்களைத் தேடி அலைந்தார். கேட்டு எழுதியவற்றைக் கோத்து 'கலேவலா'வாக 1835இல் வெளியிட்டார், 1849இல் விரித்தார். சிற்பி எமில் விக்ஸ்ட்ரோம் 1902இல் அவரைத் தனியாக விட்டுவிடவில்லை. கூடவே வைனாமொயினனும் ஓர் இளம்பெண்ணும் இருக்கிறார்கள். கிழவன் காவியத்துக்கு அடையாளம், பெண் தன்னுணர்ச்சிப் பாடல்களுக்கு. முன்னால் மட்டும் நின்றுவிடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பனிக்காலத்தில் மூவர் தலையிலும் வெள்ளைக் குல்லா போட்டதுபோல் இருக்கும்.

அப்புறம் முக்கியமான வேலை. கிழவனைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வகா வன்ஹா வைனாமொயினென்." உறுதியும் முதுமையும் கொண்ட வைனாமொயினன் என்று பொருள். யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

போன குளிர்காலத்தில் என் பெரியப்பாவை இப்படிச் சொல்ல வைத்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கையுறையைக் கழற்றி விரலை மடக்கினார். வ-கா-வன்-ஹா-வை-னா-மொயி-னென். எட்டு. மறுபடி எண்ணினார், எட்டுதான்.

"வ, வ, வை... மோனைடா தம்பி!" என்றார். குளிர் மைனஸ் பன்னிரண்டு. கிளம்பலாம் என்று நான்தான் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.